ஆய்வுகூடத்திலிருந்து துறைமுகம்வரை: மருந்தியற் பேராசிரியர் சேனக பிபிலே

திருகோணமலைத் துறைமுகத்தைப் பற்றி எழுதுவோர் அதன் ஆழத்தையும் கோட்டையையும் கடற்போர்களையும் விரித்துரைப்பர். அத்துறைமுகத்தைச் சூழ வாழ்ந்த மக்களின் நோயும் மருந்தும் அவ்வரலாற்றில் ஓரத்திலேயே நிற்கின்றன. 1942ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் யாவாத் தீவு யப்பானியர் வசமாயிற்று. உலகத்துக்கு வேண்டிய கொயினாவில் பத்தில் ஒன்பது பங்கு அத்தீவின் சிங்கோனாத் தோட்டங்களிலிருந்தே அந்நாளிற் பெறப்பட்டது. அடுத்த மாதம் 9ஆந் திகதி யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. குண்டுவீச்சு ஒரு நாளில் முடிந்தது. கொயினாத் தட்டுப்பாடோ போர் முடியும்வரை நீடித்தது. மலேரியா நிலைகொண்டிருந்த வறண்ட வலயத்துக்கு இது சிறிய செய்தியன்று. நோய் உள்ளூரில் இருக்க, அதற்குரிய மருந்து கடலுக்கப்பால் வேறொருவர் கையில் இருப்பதன் பொருளை அவ்வாண்டு நன்கு உணர்த்திற்று.

அந்த யுத்த காலத்திற் கொழும்பில் மருத்துவம் பயின்று, 1945இல் முதல் வகுப்பிற் சித்தியெய்தியவர் சேனக பிபிலே. 1920இற் பிறந்த இவர் கண்டி திரித்துவக் கல்லூரியின் மாணவர். மருத்துவத்திலும் சத்திரசிகிச்சையிலும் தங்கப் பதக்கம் பெற்ற ஒருவர் தனிப்பட்ட முறையில் வைத்தியத் தொழில் நடத்திப் பெரும் பொருளீட்டியிருக்கலாம். அவர் தேர்ந்ததோ மருந்தியல் விரிவுரையாளர் பதவி. பின்னர் எடின்பரோ சென்று 1952இற் கலாநிதிப் பட்டம் பெற்றார். அக்காலத்தில் அங்கு மருந்தியற்றுறைக்குத் தலைமை தாங்கியவர் ஜோன் காடம். உயிருள்ள இழையத்தின் எதிர்விளைவைக் கொண்டு ஒரு மருந்தின் வலுவை அளவிடும் முறைக்கும், அவ்வளவீடுகளைப் புள்ளிவிபரவியல் கொண்டு சோதிப்பதற்கும் பெயர்பெற்ற துறை அது.

இம்முறையின் உட்கருத்தை ஈண்டு மனங்கொள்ளுதல் வேண்டும். ஆய்வுகூட மேசையில் ஒரு பொருளின் பெயர் எதையும் நிறுவுவதில்லை. எந்த அளவு கொடுத்தபோது எந்த விளைவு தோன்றிற்று, அதே விளைவை வேறொரு பொருள் தருகிறதா, தருமாயின் எந்த அளவில் என்பவையே வினாக்கள். ஒரே மூலக்கூறு இருபது பெயர்களில் வந்தாலும் மருந்தியலாளனுக்கு அது ஒரே மூலக்கூறுதான். பிபிலே பிற்காலத்தில் நாட்டுக்கு முன்வைத்த கொள்கையெல்லாம் இவ்வெளிய உண்மையின் விரிவே எனலாம்.

1958இல் அவர் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் மருந்தியற் பேராசிரியரானார். அரச வைத்தியசாலைகளுக்கான மருந்துக் கோவையை உருவாக்கும் பணியிலும் முன்னின்றார். 1967இற் பேராதனை மருத்துவ பீடத்தின் பீடாதிபதியாகி, மருத்துவக் கல்விக்கெனத் தனிப் பிரிவொன்றை அங்கு நிறுவினார். ஒரு புதிய மருந்து வந்தால் பழையதைவிட அது எவ்வகையிற் சிறந்தது, அச்சிறப்புக்குரிய சான்று யாது, நோயாளி கொடுக்கும் மேலதிக விலைக்கு அது தகுமா என்று கேட்கப் பழகாத வைத்தியருக்கு விற்பனை முகவரின் கைப்பிரசுரமே பாடநூலாகிவிடும். ஆதலால் மருந்துக் கோவையும் மருத்துவக் கல்வியும் அவருக்கு ஒரே பணியின் இரு பக்கங்களாக அமைந்தன.

1971இல் அவரும் வைத்தியரும் பாராளுமன்ற உறுப்பினருமான எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் சமர்ப்பித்த அறிக்கை இப்பணியை வகுப்பறைக்கு வெளியே கொண்டுசென்றது. அதன் வழி அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றிற்று; பிபிலே அதன் முதற்றலைவரானார். தனியார்துறை இறக்குமதி செய்த ஏறத்தாழ 2100 மருந்துவகைகள் 600 அளவிற்குக் குறைக்கப்பட்டன. எஞ்சியவை வியாபாரப் பெயரால் அன்றிப் பொதுப்பெயராற் குறிக்கப்பட்டு, உலகளாவிய கேள்விப்பத்திரம் மூலம் வாங்கப்பட்டன. நாடு முழுவதற்கும் ஒருவரே வாங்கும்போது விலைபேசும் வலிமை வாங்குபவரின் பக்கம் சாய்கிறது. இறக்குமதிச் செலவு கணிசமாகக் குறைந்தமைக்கு இதுவே காரணம்.

எதிர்ப்பு எழாமலில்லை. மலிவான மருந்து தரங்குறைந்தது என்ற வாதத்தைப் பல்தேசியக் கம்பனிகளும் வைத்தியர் சிலரும் முன்வைத்தனர். இவ்வாதத்தை வெறும் சுயநலமென ஒதுக்குதல் முறையாகாது. ஒரே மூலக்கூறைக் கொண்ட இரு மாத்திரைகள் குருதியில் ஒரே அளவிற் சேராமற் போகலாம் என்பதும் மருந்தியல் கூறும் உண்மையே. அதற்குரிய விடை விலையுயர்ந்த பெயரை நம்புவதன்று. வாங்கும் ஒவ்வொரு தொகுதியையும் சோதிப்பதாகும். தரக்கட்டுப்பாடு தளருமிடத்துப் பொதுப்பெயர்க் கொள்கையும் மக்களின் நம்பிக்கையை இழந்துவிடும்.

1974இல் வாந்திபேதி பரவியபோது இம்மோதல் உச்சத்தை அடைந்தது. கூட்டுத்தாபனம் வாங்கிய மூலப்பொருளைக் கொண்டு ரெற்றாசைக்கிளின் குளிகை தயாரித்துத் தருமாறு கேட்கப்பட்டபோது பைசர் நிறுவனம் இணங்கவில்லை. மருந்தை விமானத்தில் தருவிக்க நேர்ந்தது. தோட்டத்தைக் கையில் வைத்திருந்தவர் இடத்தில் இப்போது தொழிற்சாலையைக் கையில் வைத்திருந்தவர் நின்றார் என்பதே 1942க்கும் 1974க்கும் உள்ள வேறுபாடு.

பின்னர் ஐக்கிய நாடுகளின் வர்த்தக, அபிவிருத்தி அமைப்புக்காகப் பணியாற்றிய பிபிலே, 1977 செப்ரெம்பர் 29ஆந் திகதி கயானாவின் ஜோர்ஜ்டவுனிற் காலமானார். அதே ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் தன் முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டது. அதே ஆண்டில் இலங்கையில் ஆட்சி மாறி, திறந்த பொருளாதாரம் வந்ததும், கூட்டுத்தாபனத்தின் இறக்குமதி ஏகபோகம் கைவிடப்பட்டது. 1982இற் பங்களாதேசம் இதே திசையில் மருந்துச் சட்டம் இயற்றிற்று. இலங்கையிலோ தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டம் நிறைவேற 2015வரை காத்திருக்க நேர்ந்தது. அந்நியச் செலாவணி வற்றிய 2022இல் வைத்தியசாலைகள் மருந்தின்றித் தவித்தபோது, எவை இன்றியமையாதவை, எவற்றை முதலில் வாங்குவது என்ற பிபிலேயின் வினா மீண்டும் நாட்டின் முன் நின்றது.

பட்டியலொன்றைச் சுருக்குவதன் பயன் தலைநகரைவிடத் தொலைவிடங்களிலேயே நன்கு புலப்படும். கொட்டியாரக் குடாவுக்கு அப்பாலுள்ள மூதூரை எடுத்துக்கொள்வோம். வழியிற் பாலங்கள் கட்டப்படும்வரை அங்கிருந்து திருகோணமலை நகருக்கு வருவோர் படகையோ பாதையையோ நாடவேண்டியிருந்தது. கொழும்பில் ஒரு கடையில் இல்லாத மருந்தை அடுத்த தெருவில் தேடலாம். மூதூர் நோயாளியின் துண்டில் வியாபாரப் பெயர் ஒன்றே எழுதப்பட்டிருந்து, அப்பெயரில் மருந்து இல்லையாயின், அவர் கடல் கடக்கவேண்டும். அல்லது நோயுடன் இருக்கவேண்டும். பொதுப்பெயர் எழுதப்பட்டிருப்பின் அருகிலுள்ள மருந்தகத்தில் இருப்பதே போதும். அறுநூறு வகைகளைத் தொலைவிலுள்ள களஞ்சியங்களிற் குறைவின்றி வைத்திருப்பதும், இரண்டாயிரத்தை அவ்வாறு வைத்திருப்பதிலும் எளிது.

இன்று கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திற் சித்த மருத்துவம் கற்பிக்கப்படுகின்றது. குணபாடம் பயிலும் அம்மாணவருக்கும் மருந்தியல் பயிலும் பிற மாணவருக்கும் பிபிலேயின் வாழ்க்கை ஒரு பொதுப் பாடத்தை வைத்துள்ளது. மருந்தொன்றின் பெருமையைப் பழைமையோ புதுமையோ பெயரோ நிறுவாது. அளவிட்டறிந்த பயனே நிறுவும். அப்பயன் உரியவரைச் சென்றடைகிறதா என்று கேட்பதும் ஆய்வின் ஒரு பகுதியே. ஆய்வுகூடத்தில் எழுந்த வினாவைத் துறைமுகம்வரை தொடர்ந்து சென்ற ஆசிரியர் என்ற வகையில் பிபிலே நம் பல்கலைக்கழக வரலாற்றில் நிலைத்த இடத்துக்கு உரியவராகிறார்.