சென்னையில் தொடங்கிய ஒரு பரிசோதனையின் வரலாறு

1986ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்து இரவொன்றில், சென்னையிலிருந்து வேலூர் நோக்கிச் சென்ற புகைவண்டியில் பனிக்கட்டிப் பெட்டியொன்றுடன் இளம் பெண் மருத்துவர் ஒருவர் பயணம் செய்தார். அவர் பெயர் செல்லப்பன் நிர்மலா. பெட்டியினுள் இருந்தவை 80க்கும் மேற்பட்ட குருதி மாதிரிகள். எயிட்ஸ் மேலை நாட்டவரின் நோய், எமது பண்பாட்டு வேலியைத் தாண்டி அது வராது என்று பாமரர் மட்டுமன்றிப் படித்தவர்களும் நம்பியிருந்த காலம் அது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வுகூடத்தில் அந்நம்பிக்கை தகர்ந்தது. ஆறு பெண்களின் குருதியில் எச்.ஐ.வி. கிருமி தொற்றியமைக்கான சான்று காணப்பட்டது. அமெரிக்காவில் நடத்தப்பட்ட மறுபரிசோதனையும் அதனை உறுதிப்படுத்தியது. இந்தியாவில் இக்கிருமி இருப்பது முதன்முதலாக வெளிப்பட்டது இவ்வாறுதான்.

இவ்வாய்வை வழிநடத்தியவர் சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சொலமன். குருதி கொடுத்தவர்களோ, பாலியல் தொழில் செய்தமைக்காகப் பிடிக்கப்பட்டு அரசாங்க இல்லத்தில் அடைக்கப்பட்டிருந்த ஏழைப் பெண்கள். எதற்கான பரிசோதனை என்பது அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. நாட்டின் கண்களைத் திறந்தவர்கள் அவர்களே. ஆயினும் அவர்களுக்குக் கிடைத்த பரிசு கொடியது. தண்டனைக் காலம் முடிந்த பின்னரும், கிருமியுள்ளவர்கள் என்ற ஒரே காரணத்திற்காகப் பெண்கள் காவலில் வைக்கப்பட்டனர். பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் நீதிமன்றத்தை நாடிய பின்னரே, 1990இல் சென்னை உயர்நீதிமன்றம் அத்தகைய பெண்களை விடுவிக்குமாறு உத்தரவிட்டது.

அன்று மருந்தில்லை என்பது உண்மை. முதல் மருந்தான ஏ.இசெட்.ரி. 1987இல்தான் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. அதுவும் தனித்து நின்று நெடுநாள் காக்கவில்லை. எனினும், அடைத்து வைத்ததால் நோய் அடங்கியதா? பரிசோதனைக்குப் போனால் சிறை என்று அறிந்த எவரும் பரிசோதனைக்கு வரமாட்டார். வராதவரின் கிருமி அறியப்படாமலே பரவும். அச்சத்தால் எழுப்பப்பட்ட சுவர் நோயாளரை வெளியே தள்ளி, நோயை உள்ளே வைத்துக் காத்தது.

சுனிதி சொலமன் வேறு பாதையைத் தெரிந்தெடுத்தார். 1993இல் அவர் சென்னையில் நிறுவிய வை.ஆர்.ஜி. கேர் நிலையத்தில், பரிசோதனையுடன் ஆலோசனையும் பராமரிப்பும் இணைந்தன. 1996இல் பல மருந்துகளைச் சேர்த்து வழங்கும் கூட்டுச் சிகிச்சை மரணத்தை மறிக்க வல்லது என்பது உலகிற்குத் தெளிவாயிற்று. ஆனால் ஆண்டொன்றுக்கு 10,000 டொலருக்கும் மேலான அதன் விலை ஏழைக்கு எட்டாக் கனியாயிற்று. 2001இல் இந்தியாவின் சிப்லா நிறுவனம் அதனை ஆண்டுக்கு 350 டொலருக்குத் தர முன்வந்தபோது அந்த மதில் சரிந்தது. 2004 ஏப்ரல் முதலாந் திகதி இந்திய அரசு இலவச சிகிச்சையைத் தொடக்கியது. சென்னைக்கு அருகிலுள்ள தாம்பரம் அரச வைத்தியசாலையும் அத்திட்டத்தில் இடம்பெற்றது.

அதன்பின் வந்த செய்தி இன்னும் பெரிது. ஒன்பது நாடுகளைச் சேர்ந்த 1,763 தம்பதியரிடம் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 2011இல் வெளியாயிற்று. காலந்தாழ்த்தாது சிகிச்சை தொடங்கியவரிடமிருந்து துணைவருக்குக் கிருமி தொற்றுவது 96 சதவீதம் குறைந்தது. கிருமி பரிசோதனையில் தென்படாத அளவுக்கு அடங்கி, அந்நிலையிலேயே நீடித்தால், உடலுறவினால் அது பிறருக்குத் தொற்றாது என்பது பிந்திய ஆய்வுகளால் நிலைநாட்டப்பட்டது. 2011இன் அந்த ஆய்வு நடைபெற்ற நகரங்களுள் சென்னையும் ஒன்று. கிருமியுள்ளவரைப் பூட்டி வைத்த அதே நகரில், பூட்டத் தேவையில்லை, மருந்து கொடுத்தாற் போதும் என்பது மெய்ப்பிக்கப்பட்டது. 2017இல் இந்திய நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், ஒருவரின் சம்மதமின்றிப் பரிசோதிப்பதையும், கிருமியின் பேரால் வேலையிலும் கல்வியிலும் சிகிச்சையிலும் பாகுபாடு காட்டுவதையும் தடைசெய்தது. சுனிதி சொலமன் அதைக் காணவில்லை. 2015இல் அவர் மறைந்தார்.

இவ்வரலாறு புலம்பெயர்ந்து வாழும் எமக்கும் உரியது. சிறைக் கதவுகள் எம்மைத் தடுக்கவில்லை. எனினும் "நாலு பேர் என்ன சொல்வார்கள்" என்ற பூட்டு எம் வீடுகளில் இன்னும் தொங்குகிறது. மொழிபெயர்க்க வருபவர் எம் ஊரவராக இருந்துவிடுவாரோ என்றஞ்சி வைத்தியரிடம் வாய் திறவாதவர் உளர். திருமணப் பேச்சு குழம்பும் என்று மருந்துப் போத்தலை ஒளிப்பவரும் உளர். நோயாளரின் இரகசியம் காப்பது வைத்தியருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் உள்ள கடமை. வேறொரு மொழிபெயர்ப்பாளரைக் கேட்பதும் தவறன்று.

உரிய காலத்தில் அறிந்து, நாளாந்தம் மருந்து உட்கொள்பவர் முதுமை வரை வாழலாம், உழைக்கலாம், கிருமியற்ற குழந்தையைப் பெறலாம். மருத்துவம் தன் பங்கைச் செய்துவிட்டது. எஞ்சியிருப்பது எமது பங்கு. பரிசோதனைக்குச் சென்று திரும்பும் ஒருவரை ஏன் சென்றாய் என்று கேளாமல், அவருக்கு ஒரு கோப்பைத் தேநீர் கொடுத்து அருகிலமர்த்துவோம்.