கால்நடை மதிப்பிடும் போட்டியும் அமெரிக்க மாணவர்களும்

அமெரிக்காவில் வேளாண்மை பயிலும் பள்ளி மாணவர்களுக்குக் கால்நடைகளைத் தரம் பார்க்கும் போட்டி நெடுங்காலமாக நடந்து வருகிறது. 1926-இல் கான்சஸ் சிட்டி கால்நடைக் கண்காட்சியில் இப்போட்டி தேசிய அளவில் நடந்தது. 1928-இல் அதே நகரில் 18 மாநிலங்களின் 33 மாணவர்கள் கூடி, 'பியூச்சர் ஃபார்மர்ஸ் ஆஃப் அமெரிக்கா' என்னும் அமைப்பைத் தொடங்கினர்.

போட்டி முறை எளிது. மாடு, ஆடு, பன்றி இவற்றில் ஒரே இனத்தின் நான்கு விலங்குகளை நிறுத்துவார்கள். மாணவர் அவற்றை வரிசைப்படுத்த வேண்டும். அது நடுவரின் வரிசையோடு ஒத்திருந்தால் 50 மதிப்பெண். பிறகு, ஏன் இது முதலாவது, ஏன் அது கடைசி என்று இரண்டு நிமிடத்துக்குள் வாயால் விளக்க வேண்டும். அதற்கும் 50. விடைக்குச் சமமாகக் காரணத்துக்கும் மதிப்பெண் தரும் தேர்வு நம் பள்ளிகளில் அரிது!

ஆனால் இந்தப் பாராட்டு எல்லோருக்கும் கிடைக்கவில்லை. இனப் பாகுபாடு நிலவிய தென்மாநிலங்களில் கறுப்பின மாணவர்கள் தனிப் பள்ளிகளில் படித்தனர். அவர்களுக்கான 'நியூ ஃபார்மர்ஸ் ஆஃப் அமெரிக்கா' 1935-இல் டஸ்கீகியில் தேசிய அமைப்பாயிற்று. போட்டிகளும் விருதுகளும் தனியாகவே நடந்தன. 1965-இல் இரண்டும் இணைந்தபோது சுமார் 50,000 கறுப்பின மாணவர்கள் சேர்ந்தனர். இணைப்பு என்று சொன்னாலும் மறைந்தது அவர்களுடைய பெயரும் சின்னமும்தான். பெண்களுக்கோ 1969-இல்தான் தேசிய மாநாடு உறுப்பினர் உரிமை தந்தது.

1982-இல் முதன்முறையாக ஒரு பெண் தேசியத் தலைவரானார். கறுப்பின மாணவர் ஒருவர் அப்பதவிக்கு வர 1994 ஆயிற்று.