வாகனக் கோளாறால் நேரும் விபத்து: சட்டப் பொறுப்பு

பிரேக், ஸ்டீயரிங், டயர், ஏர்பேக், பேட்டரி, மென்பொருள் என வண்டியின் ஏதோ ஒரு பாகம் கைவிட்டதால் நேரும் விபத்துக்கு யார் பதில் சொல்வது, இழப்பீட்டை யார் கட்டுவது என்பதே இங்கே பொருள். இந்தியாவில் இதற்கென்று தனிச் சட்டம் கிடையாது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்று விதிகள் சிதறிக் கிடக்கின்றன. அடிபட்டவர் எந்தக் கதவைத் தட்டுகிறாரோ அதற்கேற்ப எதிர்மனுதாரரும் மாறுவார்.

சென்னையின் மேற்குப் புறநகருக்கு இந்த விஷயத்தில் இரட்டைத் தொடர்பு உண்டு. 1960-களின் தொடக்கத்தில் பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன், லூகாஸ் டி.வி.எஸ்., வீல்ஸ் இந்தியா ஆகியவை பாடியில் வேரூன்றின. பிரேக், ஏர் பிரேக், வண்டியின் மின்சாதனங்கள், சக்கரம் என்று ஆளுக்கொன்றைத் தயாரித்தன. பக்கத்திலேயே 1964-இல் எழுந்த அம்பத்தூர் தொழிற்பேட்டையில் உதிரிபாகப் பட்டறைகள் பெருகின. பூந்தமல்லியைத் தாண்டினால் இருங்காட்டுக்கோட்டை. 1998 முதல் ஹூண்டாய் கார்கள் அங்கிருந்து வெளிவருகின்றன. இந்த வண்டிகளும் பாகங்களும் ஓடுவது அதே வட்டாரத்துச் சி.டி.எச். (சென்னை–திருவள்ளூர்) ரோட்டிலும் பூந்தமல்லி நெடுஞ்சாலையிலும் மதுரவாயல் பைபாஸிலும்தான். கன்டெய்னர் லாரி, கம்பெனி பஸ், ஷேர் ஆட்டோ, சைக்கிள் எல்லாம் ஒரே தடத்தில் நெருக்கியடிக்கும் சாலைகள் அவை.

பிரேக் இன்ஸ்பெக்டரின் ஒரு வரி

விபத்து நடந்ததும் வண்டி காவல் நிலைய வாசலுக்கு வந்துவிடும். அங்கே வந்து அதைச் சோதிப்பவர் மோட்டார் வாகன ஆய்வாளர். மக்கள் வழக்கில் அவர் ‘பிரேக் இன்ஸ்பெக்டர்’. அம்பத்தூர் (டி.என். 13), பூந்தமல்லி (டி.என். 12) போன்ற வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்களிலிருந்து அவர் வருகிறார். மோட்டார் வாகனச் சட்டப் பிரிவு 136 இதற்கு இடமளிக்கிறது. சோதனை முடிந்தபின் 24 மணி நேரத்துக்குள் வண்டியைத் திருப்பித் தரவேண்டும் என்றும் சொல்கிறது. கால் பிரேக், கை பிரேக், ஸ்டீயரிங், டயர், விளக்கு, ஹாரன் ஆகியவற்றைப் பார்த்து, வண்டி ஓடும் நிலையில் இருந்தால் ஓட்டியும் பார்த்து, நசுங்கியவற்றைப் பட்டியலிட்டு, அடியில் ஒரு கருத்தை எழுதுவார். பெரும்பாலான அறிக்கைகளில் அந்த வரி ஒன்றேதான்: இவ்விபத்து வாகனத்தின் இயந்திரக் கோளாறால் நேர்ந்ததல்ல.

இந்த ஒரு வரி எவ்வளவு கனமானது என்பது நீதிமன்றத்தில்தான் தெரியும். ‘பிரேக் பிடிக்கவில்லை சார்’ என்ற ஓட்டுநரின் சொல் அதன் முன்னால் நிற்காது. நியாய சன்ஹிதாவின் பிரிவு 106(1) கவனக்குறைவால் மரணம் விளைவித்தவருக்கு ஐந்தாண்டு வரை சிறை என்கிறது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 304-ஏ பிரிவில் அது இரண்டாண்டுதான். ஆகவே சம்பளத்துக்கு ஓட்டுபவருக்கு இந்தச் சோதனை வாழ்க்கைப் பிரச்சினை. அதை நிதானமாகச் செய்ய நேரமோ கருவியோ போதவில்லை என்பதே இந்த ஏற்பாட்டின் பெரிய ஓட்டை.

பிரேக் திடீரென்று அடியோடு போவது அபூர்வம் என்பதும் உண்மை. ஏர் பிரேக் வண்டியில் காற்றழுத்தம் இறங்கினால், ஸ்பிரிங் விரிந்து பின்சக்கரத்தைத் தானே பிடிக்கும். இன்றைய கார்களில் பிரேக் ஆயில் இரண்டு தனித் தடங்களில் ஓடுகிறது. ஒன்று ஒழுகினாலும் மற்றது மிஞ்சும். தேய்ந்த பிரேக் ஷூவும் கசியும் ஹோஸும் பல நாட்களாகவே அறிகுறி காட்டுகின்றன. அதனால்தான் நீதிமன்றங்கள் ‘பிரேக் பெயிலியர்’ என்ற வாதத்தைக் கேட்டதும் உரிமையாளர் பக்கம் திரும்புகின்றன.

தீர்ப்பாயத்தில்

இழப்பீட்டு மனு மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகிறது. விபத்து நடந்த இடம், மனுதாரர் குடியிருக்கும் இடம், எதிர்மனுதாரர் இருக்கும் இடம் ஆகியவற்றில் எங்கு வேண்டுமானாலும் போடலாம். வழக்கமாக அங்கே எதிரில் நிற்பவர்கள் ஓட்டுநர், உரிமையாளர், காப்பீட்டு நிறுவனம் ஆகிய மூவரே. வண்டியைச் செய்த கம்பெனி அந்த வரிசையில் இருப்பதில்லை.

கோளாறு மறைந்திருந்தது என்று உரிமையாளர் தப்பிக்கலாமா? 1977-இல் மினு பி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு வரையறை தந்தது: இயந்திரக் கோளாறு என்று சொல்பவரே அதை மெய்ப்பிக்க வேண்டும், நியாயமான எல்லாக் கவனத்தையும் எடுத்தும் அது கண்ணுக்குத் தப்பியது என்றும் காட்டவேண்டும். பிரிட்டனில் 1969-இல் பிரபுக்கள் சபை ஒரு லாரி வழக்கில் இதே வழியில் போனது. பிரேக் ஆயில் குழாயின் மறைவான பகுதி அரித்துப்போயிருந்தது. அந்த லாரி இதுவரை எப்படியெல்லாம் பயன்பட்டது என்ற வரலாற்றை உரிமையாளர் முன்வைக்காததால் அவரே பொறுப்பேற்க நேர்ந்தது.

2001-இல் கௌஷ்நுமா பேகம் வழக்கு இன்னும் ஒரு படி மேலே போனது. முன் டயர் வெடித்து ஜீப் கவிழ்ந்து, சாலையில் போன ஒருவர் இறந்தார். ஓட்டுநரிடம் கவனக்குறைவு இல்லை என்று தீர்ப்பாயம் மனுவைத் தள்ளியிருந்தது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஆபத்தான பொருளை வைத்திருப்பவர் அதனால் விளையும் தீங்குக்குத் தவறே இல்லாவிட்டாலும் பொறுப்பு என்ற பழைய ரைலண்ட்ஸ் எதிர் பிளெட்சர் கோட்பாட்டை மோட்டார் வண்டிக்கும் பொருத்தி இழப்பீடு வழங்கியது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் இப்போதைய பிரிவு 164-இன்படி யார் தவறு என்று நிரூபிக்காமலே மரணத்துக்கு 5 லட்சமும் கடுங்காயத்துக்கு 2.5 லட்சமும் கோரலாம். அதற்கு மேல் வேண்டுமென்றால் பிரிவு 166. விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்ற கெடுவும் 2022 ஏப்ரல் முதல் சேர்ந்துகொண்டது. அரசுப் பேருந்து என்றால் காப்பீட்டு நிறுவனம் நடுவில் வராது. போக்குவரத்துக் கழகமே கட்டவேண்டும். கட்டாமல் இழுத்தடித்து, அமீனா வந்து பேருந்தை ஜப்தி செய்யும் செய்தி தமிழ்நாட்டுப் பத்திரிகை வாசகர்களுக்குப் பழகியது.

உற்பத்தியாளர் எங்கே?

உற்பத்தியாளரைப் பிடிக்க நுகர்வோர் ஆணையத்துக்குப் போகவேண்டும். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் ஆறாவது அத்தியாயம் பொருள் பொறுப்பைத் தனியாக வகுத்தது. தயாரிப்பில் பழுது, வடிவமைப்பில் பழுது, போதிய எச்சரிக்கை இன்மை ஆகியவற்றுக்குத் தயாரிப்பாளர் பொறுப்பு. பழுதான சேவைக்கு ஒர்க்‌ஷாப்பும் பொறுப்பு. வண்டியை இஷ்டத்துக்கு மாற்றியமைத்திருந்தால் விலக்கு உண்டு. எந்த மாவட்ட ஆணையம் என்பதில் முகவரிக்கும் பங்குண்டு: அம்பத்தூர் 2018 முதல் சென்னை மாவட்டத்தில், ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூரில். கெடு இரண்டாண்டு.

இவ்வட்டாரத்து ஆலையைத் தொட்ட முக்கியமான தீர்ப்பு 2022 ஏப்ரல் 20-இல் வந்தது. டெல்லிக்காரர் ஒருவர் 2015 ஆகஸ்டில் வாங்கிய ஹூண்டாய் கிரெட்டா 2017 நவம்பரில் டெல்லி–பானிபட் நெடுஞ்சாலையில் விபத்துக்குள்ளானது. ஏர்பேக் விரியவில்லை, அவருக்குத் தலையிலும் மார்பிலும் பல்லிலும் காயம். முன்பக்கம் போதிய விசையுடன் மோதாததால்தான் விரியவில்லை என்றது கம்பெனி. வேகத்தையும் விசையையும் கணக்கிட்டுப் பார்க்க வாங்குபவர் இயற்பியல் நிபுணர் அல்லர் என்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் வினீத் சரணும் அனிருத்தா போஸும் அந்த வாதத்தை ஒதுக்கினர். மூன்று லட்சம் ரூபாயும் மாற்று வண்டியும் தரச்சொன்ன நுகர்வோர் ஆணையத்தின் ஆணை உறுதியானது. ஆய்வாளரின் ஒரு வரிக்கு எதிராகத் திணறும் வழக்குகளோடு ஒப்பிட்டால், விரியாத ஏர்பேக்கே சாட்சி என்று ஏற்றதுதான் இத்தீர்ப்பின் பெருமதிப்பு.

ஆனால் நுகர்வோர் சட்டத்தின் அந்த அத்தியாயம் ‘நுகர்வோருக்கு’ நேர்ந்த தீங்கைப் பற்றியே பேசுகிறது. அம்பத்தூர் ஓ.டி. நிறுத்தத்தில் பஸ்ஸுக்கு நிற்பவர்மேல் அதே கார் ஏறினால் அவர் காரை வாங்கியவர் அல்லர். உற்பத்தியாளர்மேல் நஷ்டஈட்டு வழக்குப் போட அவருக்கு உரிமையியல் நீதிமன்றம்தான் மிச்சம். நீதிமன்றக் கட்டணமும் ஆண்டுக்கணக்கான வாய்தாவும் பார்த்து யாரும் அந்தப் பக்கம் அதிகம் போவதில்லை. ஓட்டுநரும் உரிமையாளரும் சுமக்கும் பாரத்தில் ஒரு பகுதி உண்மையில் வேறொருவருடையது என்பது இதனால் வெளியே வராமலே போகிறது.

தண்டனைப் பக்கம், மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தம் பிரிவு 110-ஏ மூலம் பழுதான மாடலைத் திரும்பப் பெறச்சொல்லும் அதிகாரத்தை அரசுக்குத் தந்தது. 2021 ஏப்ரலில் அதற்கான விதிகள் நடப்புக்கு வந்தன. பிரிவு 182-ஏ உற்பத்தியாளருக்கு ஓராண்டு வரை சிறை, நூறு கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது. அங்கீகாரமில்லாத முக்கியப் பாதுகாப்புப் பாகத்தை விற்பவருக்குப் பாகம் ஒன்றுக்கு ஒரு லட்சம். டூப்ளிகேட் ஸ்பேர் விற்கும் கடைக்காரர் அறியவேண்டிய பிரிவு இது.

மென்பொருள்

கார் தானாக பிரேக் போடுகிறது, தடத்தைப் பிடித்து ஓடுகிறது. தவறான நேரத்தில் பிரேக் போட்டால்? ஓட்டிப் பார்க்கும் சோதனையில் இது தென்படாது. நுகர்வோர் சட்டம் ‘பொருள்’ என்பதை வாயு, திரவ, திட நிலையில் இருக்கும் ஒன்றாக வரையறுக்கிறது. காற்றுவழி வந்து இறங்கும் மென்பொருள் இதில் அடங்குமா என்று வழக்கறிஞர்கள் வாதாட இடமிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் புதுப்பித்த விதியில் மென்பொருளையும் பொருளென்றே எழுதிவிட்டது. பிரிட்டனின் 2018-ஆம் ஆண்டுச் சட்டம் தானோட்டி வண்டியால் அடிபட்டவருக்கு முதலில் காப்பீட்டு நிறுவனம் கொடுத்துவிட்டுப் பிறகு உற்பத்தியாளரிடம் வசூலிக்க வழிசெய்கிறது. 2025 ஆகஸ்டில் அமெரிக்காவின் மியாமியில் ஜூரிகள், டெஸ்லாவின் ஆட்டோபைலட் இயங்கிய ஒரு மரண விபத்தில் கம்பெனிக்கு 33 சதவீதப் பொறுப்பைச் சுமத்தினர்.

இத்தகைய வழக்குகளில் தீர்ப்பைத் திருப்புவது வண்டியின் கணினியில் பதிவான வேகமும் பிரேக் அழுத்தமும்தான். இங்கே வண்டி 24 மணி நேரத்தில் காவல் நிலையத்தை விட்டு வெளியேறலாம், சில நாளில் ஒர்க்‌ஷாப்பில் பிரிக்கப்படலாம். கோளாறு என்று சந்தேகிப்பவர் அதற்குள் தரவைப் பாதுகாக்கச் சொல்லிக் காவல் நிலையத்துக்கும் உற்பத்தியாளருக்கும் எழுத்தில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கி வைத்திருக்கவேண்டும்.