பம்ப்பின் மீது விழுந்த பழி

பைபாஸ் முடிந்து வீடு திரும்பியவரைப் பற்றி வீட்டார் தயங்கித் தயங்கிச் சொல்லும் ஒரு குறை உண்டு. நெஞ்சுவலி போய்விட்டது, நடக்கிறார், சாப்பிடுகிறார். ஆனால் ஆள் பழைய ஆளாக இல்லை. பெயர்கள் மறக்கின்றன, வரவுசெலவுக் கணக்கில் தடுமாறுகிறார். இந்தக் குறைக்கு மருத்துவ உலகம் நெடுங்காலம் சொல்லிவந்த காரணம் 'பம்ப்' எனப்படும் இதய-நுரையீரல் இயந்திரம். 1953 மே மாதம் பிலடெல்பியாவில் ஜான் கிப்பன் முதன்முதலில் வெற்றிகரமாகப் பயன்படுத்திய அந்த இயந்திரம் அறுவையின்போது குழாய்கள் வழியே ரத்தத்தைச் சுற்றவிடுகிறது. அப்போது நுண்ணிய காற்றுக்குமிழிகளும் கொழுப்புத் துணுக்குகளும் மூளைக்குப் போய்ச் சேரலாம் என்ற சந்தேகம் நியாயமானதுதான்.

2001இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வு வெளிவந்தது. பைபாஸ் செய்துகொண்ட 261 பேரின் நினைவாற்றலையும் கவனத்தையும் அறுவைக்கு முன்னும் பின்னும் சோதித்தார்கள். மருத்துவமனையை விட்டுப் புறப்படும்போது 53 சதவீதத்தினரிடம் சரிவு தெரிந்தது. ஆறு மாதத்தில் அது 24 சதவீதமாகக் குறைந்தது. ஐந்து ஆண்டு முடிவில் மறுபடி 42க்கு ஏறியது. பம்ப்தான் குற்றவாளி என்று பலரும் தீர்ப்பெழுதிவிட்டார்கள். ஆனால் அந்த ஆய்வில் ஒப்பீட்டுக் குழுவே இல்லை. அதே வயதில், அதே இதயநோயோடு, கத்தியே படாமல் மருந்தில் இருந்தவர்கள் அந்த ஐந்து ஆண்டில் எவ்வளவு மறந்திருப்பார்கள்?

இதற்கு விடை இரண்டு வழியில் வந்தது. முதலாவது, இயந்திரத்தைத் தவிர்த்து, துடிக்கும் இதயத்திலேயே தையல் போடும் முறை. நெதர்லாந்தின் 'ஆக்டோபஸ்' ஆய்வு நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு குழுவாகப் பிரித்தது. ஐந்து ஆண்டு கழித்துப் பார்த்தால் இரு குழுவிலும் ஏறத்தாழப் பாதிப் பேருக்குச் சரிவு. பம்ப் இல்லாததால் மூளைக்கு லாபம் எதுவும் இல்லை. இரண்டாவது வழி இன்னும் நேரடியானது. பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழுவினர், பைபாஸ் செய்துகொண்டவர்களையும் அறுவையின்றி மருத்துவம் பெற்ற இதயநோயாளிகளையும் ஆறு ஆண்டுகள் தொடர்ந்தார்கள். இரு தரப்பிலும் சரிவு இருந்தது, ஏறக்குறைய ஒரே அளவில்.

ஆக, நாட்பட்ட சரிவுக்கு முதல் காரணம் இயந்திரத்தில் கழிந்த அந்தச் சில மணிநேரம் அல்ல. பல்லாண்டுகளாகக் கெட்டுவந்த ரத்தக்குழாய்கள்தான். இதயத்தின் குழாயை அடைத்த அதே நோய் மூளையின் குழாய்களிலும் வேலை செய்துகொண்டிருந்தது. அறுவைக்கு முழு விடுதலை என்று இதற்குப் பொருளல்ல. பெருந்தமனியைக் கவ்வும்போது படிவு உடைந்து பக்கவாதம் வருவது இன்றும் உண்மையான ஆபத்து.

இதை ஏற்றால் இதயத்தைக் காப்பதும் மறதிநோயைத் தடுப்பதும் பெருமளவு ஒரே வேலையாகிவிடுகின்றன. 2019இல் வெளியான 'ஸ்பிரின்ட் மைண்ட்' ஆய்வில் 9,361 பேர் இருந்தார்கள். மேல் ரத்த அழுத்தத்தை 140க்குப் பதில் 120க்குக் கீழே கொண்டுவர முயன்றபோது, மறதிநோய்க்கு முந்தைய நிலையான லேசான நினைவுக்குறைவு 19 சதவீதம் குறைந்தது. மறதிநோயும் குறைந்ததுபோல் தெரிந்தது. ஆனால் புள்ளியியல்படி அது உறுதியாகவில்லை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. இதயத்துக்குக் கிடைத்த நன்மை அவ்வளவு தெளிவாக இருந்ததால் அழுத்தத்தைத் தீவிரமாகக் குறைக்கும் சிகிச்சையை இடையிலேயே நிறுத்திவிட்டார்கள். அதனால் மூளையைப் பற்றிய கேள்வி அரைகுறையாக நின்றுபோயிற்று.

அறுவைக்குப் பிந்தைய நாட்களில் வரும் டெலிரியம் என்ற திடீர் மனக்குழப்பம் வேறு சங்கதி. இரவில் உளறுவது, டியூபைப் பிடுங்குவது, மகளை அடையாளம் தெரியாமல் விழிப்பது எல்லாம் அதுதான். சில நாட்களில் தெளியும் என்றாலும், அது வந்துபோனவர்களுக்குப் பின்னாளில் மறதிநோய் வரும் வாய்ப்பு அதிகம். தடுக்கும் மருந்தைத் தேடிய பெரிய ஆய்வுகள் பல கைவிரித்துவிட்டன. கைகொடுத்தது பணிவிடை. ஷாரன் இனோயே தலைமையில் யேல் மருத்துவர்கள் 1999இல் வெளியிட்ட ஆய்வில், பொது வார்டில் இருந்த 70 வயது தாண்டிய 852 பேரில் பாதிப் பேருக்குச் செய்தவற்றைக் கேட்டால் சிரிப்பு வரும். கவனித்துக்கொள்பவர்களின் பெயர்களும் அன்றைய வேலைகளும் எழுதிய பலகை, தினம் மூன்று முறை நடை, காதில் குறும்பி எடுப்பது, கண்ணாடியை மாட்டிவிடுவது, தூங்கப்போகும்போது தூக்கமாத்திரைக்குப் பதில் சூடான பாலும் முதுகுத் தடவலும். டெலிரியம் 15 சதவீதத்திலிருந்து 9.9 ஆகக் குறைந்தது. வந்துவிட்ட டெலிரியத்தின் கடுமையை மட்டும் இவற்றால் குறைக்க முடியவில்லை. முன்கூட்டியே செய்தால்தான் பலன்.

நம் ஐ.சி.யூ. வாசலில் முதலில் கழற்றி வாங்கப்படுவது கண்ணாடியும் காதுக்கருவியும்தான். மருத்துவ நண்பர்களே, நினைவு திரும்பிய மறுகணம் அவற்றை நோயாளியிடம் கொடுக்கச் சொல்லுங்கள். அறுவைக்கு முன்பே நினைவாற்றலைச் சோதித்து எழுதிவையுங்கள். வீட்டில் உள்ளவர்களே, அப்பாவுக்கு ஏற்கெனவே மறதி இருந்தால் மறைக்காமல் சர்ஜனிடம் சொல்லிவிடுங்கள். தையல் ஆறிவிட்டது என்று பிரஷர் மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.