வடசென்னையில் பருவமழைக்காலக் கொள்கலன் லாரிப் போக்குவரத்து

வடசென்னையில் பருவமழைக்காலக் கொள்கலன் லாரிப் போக்குவரத்து என்பது இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர், மணலி ஆகிய பகுதிகளின் சாலைகளில் வடகிழக்குப் பருவமழையின்போது (அக்டோபர் முதல் டிசம்பர் வரை) கொள்கலன் ஏற்றும் டிரெய்லர் லாரிகளை இயக்குவதைக் குறிக்கும். குளிர்நாடுகளில் பனி எவ்வாறு ஓட்டுநர்களுக்கு இடராக அமைகிறதோ, அவ்வாறே இங்கு வெள்ளமும் புயற்காற்றும் இடராக அமைகின்றன.

பின்னணி

சென்னைத் துறைமுகத்தில் கொள்கலன் முனையம் 1983 ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. 2001 இல் செயற்படத் தொடங்கிய எண்ணூர்த் துறைமுகம், 2014 இல் காமராசர் துறைமுகம் எனப் பெயர் மாற்றப்பட்டது. அதன் அருகில் காட்டுப்பள்ளித் துறைமுகம் உள்ளது. சென்னைத் துறைமுகத்திற்கு வரும் கொள்கலன் லாரிகள் எண்ணூர் விரைவுச்சாலை வழியாக வடபுறத்திலுள்ள ஜீரோ கேட் எனப்படும் வாயிலை அடைகின்றன. வாயிலில் தாமதம் ஏற்படும்போது லாரிகளின் வரிசை பல கிலோமீட்டர் நீள்வதுண்டு.

துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் வடக்கு நோக்கி நகரும் கடல்மணலைத் தடுத்ததால், தெற்கே மெரீனாக் கடற்கரை அகன்றது. வடக்கே கரை அரிக்கப்பட்டது. இதனால் விரைவுச்சாலையின் கடற்புறத்தில் பாறைக்கற்கள் கொட்டப்பட்டுள்ளன. கடல் கொந்தளிக்கும் நாட்களில் அலைநீர் சாலையில் தெறிக்கும்.

மழையும் புயலும்

சென்னையின் ஆண்டு மழையளவு ஏறத்தாழ 1400 மில்லிமீட்டர் ஆகும். இதில் சுமார் 60 விழுக்காடு வடகிழக்குப் பருவமழையால் கிடைக்கிறது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னைக்கு அருகே கரையைக் கடந்தது. 2023 டிசம்பர் 5 அன்று மிக்ஜாம் புயல் ஆந்திராவின் பாபட்லா அருகே கரையைக் கடந்தபோதிலும், அதற்கு முந்தைய நாட்களில் சென்னையில் பெருவெள்ளத்தை ஏற்படுத்தியது. அப்போது மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் கலந்த வெள்ளநீர் பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர்க் கழிமுகத்தை அடைந்தது.

இடர்கள்

காற்று: 40 அடிக் கொள்கலனின் பக்கப்பரப்பு ஏறத்தாழ 31 சதுர மீட்டர் ஆகும். மணிக்கு 100 கி.மீ. வேகக் காற்று அதன்மீது குறுக்காக வீசினால், சுமார் 1.5 டன் எடைக்கு நிகரான விசை தாக்கும். காற்றின் வேகம் இருமடங்கானால் விசை நான்கு மடங்காகும். வெற்றுக் கொள்கலனின் எடை ஏறத்தாழ 4 டன் மட்டுமே. எனவே சரக்கேற்றிய லாரியைவிட வெற்றுக் கொள்கலன் ஏற்றிய லாரியே எளிதில் கவிழக்கூடியது.

தடை பிடித்தல்: ஈரச்சாலையில் சக்கரங்களின் பிடிப்பு குறைவதால் வண்டி நிற்கும் தூரம் கூடுகிறது. திடீரெனத் தடை பிடித்தால் பின்வண்டி சறுக்கிப் பக்கவாட்டில் மடங்கக்கூடும்.

தேங்கிய நீர்: சாலைப்பள்ளங்களும் திறந்த வடிகால்களும் நீரில் மறைகின்றன. தடைக்கருவிகள் நனைந்தால் அவற்றின் செயற்றிறன் குறையும்.

ஓட்டுநர் நிலை

புயலின்போது கப்பல்கள் ஆழ்கடலுக்கு அனுப்பப்பட்டு, சரக்கு ஏற்றி இறக்கும் பணி நிறுத்தப்படுகிறது. சாலையில் நிற்கும் லாரிக்கு அவ்வாறு ஒதுங்க இடமில்லை. சரக்கின் பொறுப்பு ஓட்டுநரிடம் இருப்பதால் அவர் வண்டியை விட்டு அகல இயலாது. உணவு, உறக்கம் யாவும் வண்டியிலேயே. நடைக்கு இவ்வளவு எனக் கூலி பெறுபவருக்குக் காத்திருக்கும் நேரம் வருவாய் தருவதில்லை. இழந்த நேரத்தை ஈடுசெய்ய, வாயிலைக் கடந்த பின் ஓய்வின்றி விரைந்து ஓட்டும் நெருக்கடி உண்டாகிறது. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் (1961) நாளொன்றுக்கு 8 மணி நேர வேலையையும், தொடர்ந்து 5 மணி நேரம் உழைத்தால் அரைமணி நேர இடைவேளையையும் வரையறுத்திருந்தது. இச்சட்டம் பின்னர் 2020 ஆம் ஆண்டின் தொழிற்பாதுகாப்புச் சட்டத்தொகுப்பில் உள்ளடக்கப்பட்டது.

பாதுகாப்பு முறைகள்

* கொள்கலனின் நான்கு மூலைகளையும் வண்டியுடன் பிணைக்கும் பூட்டுகளைப் புறப்படுமுன் சரிபார்த்தல்.
* வேகத்தைக் குறைத்து, முன்செல்லும் வண்டியுடன் கூடுதல் இடைவெளி விடுதல்.
* நீரைக் கடந்தபின் தடையை மெல்ல அழுத்திச் சூடேற்றி உலர்த்துதல்.
* ஆழம் தெரியாத நீரில் இறங்காதிருத்தல்.
* புயற்காற்றில் வெற்றுக் கொள்கலனுடன் பயணத்தைத் தவிர்த்தல்.

இவற்றையும் பார்க்க

* சென்னைத் துறைமுகம்
* வடகிழக்குப் பருவமழை
* கொசஸ்தலை ஆறு