கற்றல் பற்றிய எழுத்தில் இலக்கணமும் மனநிலையும்

தன் படிப்பைப் பற்றி மாணவர் எழுதும்போது, அவர் தேர்ந்தெடுக்கும் வேற்றுமை உருபும் துணைவினையும் கல்வியை அவர் எப்படிப் பார்க்கிறார் என்பதைக் காட்டுகின்றன. மொழியமைப்பைப் பொருள்நோக்கில் ஆராயும் முறையை மொழியியலாளர் எம். ஏ. கே. ஹாலிடே 1985இல் வெளியிட்ட நூல் பரவலாக்கியது. தமிழில் இத்தகைய ஆய்வுக்கு இடம் மிக அதிகம்.

மாமல்லபுரத்தில் 1957இல் தொடங்கப்பட்ட அரசு சிற்பக் கல்லூரி போன்ற இடத்தில் பயிலும் ஒருவர் குறிப்பேடு எழுதுவதாகக் கொள்வோம். "எனக்கு உளி பிடிக்க வரவில்லை" என்றால், திறமை தானாக வந்து சேர வேண்டியது, அவர் காத்திருக்கிறார். "நான் இன்னும் பழகவில்லை" என்பதில் எழுவாய் அவரே, பொறுப்பும் அவருடையதே. "என்னால் முடியவில்லை" என்ற மூன்றாம் வேற்றுமை, முயன்று தோற்றதைச் சொல்கிறது. இந்த மூன்றையும் ஒன்றாக எண்ணித் திருத்தும் ஆசிரியர் முக்கியமான செய்தியைத் தவறவிடுகிறார்.

துணைவினைகள் இன்னும் வெளிப்படையானவை. "கற்றுக்கொண்டேன்" என்பதில் கற்றது தனக்கானது. "படித்து முடித்தேன்" கடமை தீர்ந்ததைச் சொல்லும். "படித்துத் தொலைத்தேன்" வெறுப்பையே சொல்லிவிடும். "கற்பிக்கப்பட்டது" என்பதில் மாணவர் வாக்கியத்திலேயே இல்லை. ஆனால் பள்ளிக் கட்டுரை நடை செயப்பாட்டுவினையைப் பழக்கிவிடுவதால், அதை மட்டும் வைத்து ஆர்வமின்மை என்று முடிவு கட்டக்கூடாது.

ஒரே மாணவரின் பல மாத எழுத்தை ஒப்பிட்டால்தான் இந்தச் சான்றுகள் நம்பத்தக்கவை.