உயிரணுவின் சரித்திரம் – 9: தடுப்பவன் யார்?
1940-ஆம் ஆண்டின் இறுதியில், ஜெர்மானியப் படைகளின் பிடியில் பாரிஸ் நகரம் சிக்கியிருந்த குளிர்காலத்தில், ஸோர்போன் சர்வகலாசாலையின் ஜாக் மோனோ என்ற இளம் விஞ்ஞானி, பாக்டீரியாக்களுக்கு இருவகைச் சர்க்கரைகளை ஒருங்கே ஊட்டி, அவை பெருகும் வேகத்தைக் காகிதத்தில் கோடாக வரைந்து பார்த்தார். கோடு ஒரே மூச்சில் ஏறவில்லை. கொஞ்சம் ஏறி, மலைக்கோயில் படியில் இளைப்பாறும் கிழவரைப் போலச் சற்றே நின்று, மறுபடியும் ஏறிற்று. பாஸ்டர் ஸ்தாபனத்து ஆந்த்ரே ல்வோஃபிடம் அதைக் காட்டிய பிறகே, பிரியமான சர்க்கரை தீர்ந்தபின் மற்றதைச் செரிக்கத்தக்க என்ஸைமைத் தயாரிக்க எடுத்துக்கொண்ட அவகாசம் அது என்பது அவருக்கு விளங்கலாயிற்று.

யுத்தகாலத்தில் தலைமறைவு இயக்கத்தில் ஈடுபட்டிருந்த மோனோ, பிறகு அதே பாஸ்டர் ஸ்தாபனத்தில் அமர்ந்து, பாலிலுள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரையையும், குடலில் வாழும் எ.கோலி என்னும் பாக்டீரியாவையும் தம் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டார். லாக்டோஸ் இல்லாதபோது அதைப் பிளக்கும் என்ஸைம் அந்த ஜீவனில் பெயரளவுக்கே உண்டு. லாக்டோஸைச் சேர்த்தாலோ சில நிமிஷங்களில் உற்பத்தி தொடங்கி, ஏறக்குறைய ஆயிரம் மடங்காகப் பெருகுகிறது. சர்க்கரையே ஜீனுக்கு ஆணையிடுகிறது போலும் என்று மோனோ எண்ணினார். அவர் ஸ்தானத்தில் நாம் இருந்தாலும் அப்படித்தான் எண்ணியிருப்போம்.

அந்த எண்ணத்தைக் கலைத்தது, 1957-இல் தொடங்கிய ஒரு சோதனை. 1944-இல் நார்மண்டிப் போர்க்களத்தில் பலத்த காயமுற்று, சத்திர சிகிச்சை நிபுணராகும் ஆசையை இழந்து ஆராய்ச்சிக்கு வந்தவரான ஃப்ரான்ஸ்வா ஜாகோபும், அமெரிக்கரான ஆர்தர் பார்டியும் மோனோவோடு சேர்ந்து அதைச் செய்தார்கள். என்ஸைமை உண்டாக்கும் ஜீன், அதைக் கட்டுப்படுத்தும் ஜீன் இரண்டுமே பழுதுபட்ட பெண் பாக்டீரியாவினுள், இரண்டும் செம்மையாயுள்ள ஆண் பாக்டீரியா தன் ஜீன்களைச் செலுத்திற்று. லாக்டோஸ் ஒரு துளியும் சேர்க்கவில்லை. ஆயினும் சில நிமிஷங்களில் என்ஸைம் உற்பத்தி ஆரம்பித்தது. ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள், கையைப் பிடித்து நிறுத்தியதுபோல், நின்றும்விட்டது! ஏவுவார் இன்றியே வேலை நடந்திருக்கிறது. புதிதாய் வந்த கட்டுப்பாட்டு ஜீன் மெல்ல மெல்ல உண்டாக்கிய ஏதோ ஒரு பொருள் அதைத் தடுத்திருக்கிறது. ஆகவே லாக்டோஸ் ஆணையிடுவதில்லை, காவலாளை அகற்றுகிறது, அவ்வளவே. (குளுகோஸ் போன்ற பிரியமான சர்க்கரை இருக்கும்வரை லாக்டோஸ் ஏன் காத்திருக்கவேண்டும் என்பதற்கு இந்தக் காவலாள் மட்டும் விடையாகமாட்டான், அது வேறொரு கதை.)

காவலாள் எங்கே நிற்கிறான்? 1958 ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மனைவியோடு சினிமாக் கொட்டகையில் அமர்ந்திருந்த ஜாகோபுக்கு, படத்தில் மனம் ஒட்டாத வேளையில், அவன் டி.என்.ஏ. இழையின் மீதே அமர்ந்து, அடுத்தடுத்துள்ள ஜீன்களை ஒருசேர அடைத்துவைக்கிறான் என்ற யோசனை உதித்தது. மோனோ முதலில் அதற்கு இணங்கவில்லை. இணங்கிய பின்னரோ, இருவரும் 1961-இல் வெளியிட்ட நீண்ட கட்டுரை ஜீவசாஸ்திரத்தின் போக்கையே மாற்றிற்று. 1965-இல் ல்வோஃபுடன் அவர்களுக்கு நோபல் பரிசும் கிடைத்தது.

பரிசு வந்துவிட்டதே ஒழிய, அதுவரை காவலாளைக் கையில் பிடித்தவர் ஒருவருமில்லை. மறு வருஷம் ஹார்வர்டில் வால்டர் கில்பர்ட்டும் பென்னோ முல்லர்-ஹில்லும் பிடித்தார்கள். அது ஒரு புரதம்; ஓர் உயிரணுவில் பத்துச் சொச்சம் மூலக்கூறுகளே இருந்தன.